காலி வண்டியின் கனம்

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுன் தெருக்களில் காலை ஏழரை மணிக்கு மேல் "சொப்பு, சொப்பு" என்ற கூவல் கேட்கும். கன்னடத்தில் சொப்பு என்றால் கீரை. கூவுபவர் தமிழரோ தெலுங்கரோ, இந்தப் பக்கம் கீரைக்கு அதுதான் பெயர். குரலுக்கு முன்னாலேயே வண்டியின் சத்தம் வந்துவிடும். நான்கு சக்கரங்களில் ஒன்று எப்போதும் கிறீச்சிடும். கேட் திறந்து வெளியே வருபவர்கள் கீரைக் கட்டைப் பார்ப்பார்கள், விலை கேட்பார்கள், கொத்தமல்லி கொசுறு கேட்பார்கள். வண்டியை யாரும் பார்ப்பதில்லை.

ஒரு நாள் பார்க்கலாம். ஆங்கிள் இரும்பில் சட்டம், அதன்மேல் தகடு. கீரை வாடாமலிருக்க, மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பாட்டிலால் அரை மணிக்கொரு முறை தண்ணீர் தெளிக்கிறார்கள். அந்தத் தண்ணீர் சாக்குப்பையில் ஊறி, தகட்டின் மூலைகளில் தேங்கி நிற்கிறது. கீரையைப் பச்சையாக வைத்திருக்கும் அதே தண்ணீர்தான் வண்டியைத் தின்கிறது. மூலையில் துரு முதலில் கொப்பளிக்கும், பிறகு அப்பளம் போல உதிரும், அப்புறம் ஓட்டை. ஓட்டையை மறைக்க எங்கோ கழற்றிய ஃபிளெக்ஸ் பேனர் ஒன்றை மடித்துப் போட்டிருப்பார்கள். வெண்டைக்காய்க்கு அடியில் ஏதோ ஒரு தலைவர் கும்பிட்டபடி படுத்திருப்பார். ஓட்டை பெரிதானால் வெல்டிங் கடைக்குப் போய் மேலே இன்னொரு தகடு. பழையதை யாரும் வெட்டி எடுப்பதில்லை. துருப்பிடிக்கும் வண்டி இளைக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஒட்டு மேல் ஒட்டு விழுந்து அது வருடா வருடம் கனத்துக்கொண்டே போகிறது.

இந்தக் கனத்துக்கு யார் காசு கொடுக்கிறார்கள்?

லாரித் தொழிலில் இந்தக் கேள்விக்குப் பதில் உடனே வரும். நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ லாரி வைத்திருப்பவரிடம் "வண்டி காலியாக எவ்வளவு?" என்று கேட்டால் எடை மேடை ரசீதைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். சட்டம் வரம்பு கட்டுவது வண்டியும் சரக்கும் சேர்ந்த மொத்த எடைக்கு. 2018 ஜூலையில் மத்திய அரசு நான்கு டயர் கொண்ட ஒற்றை அச்சின் பளு வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியபோது நாடெங்கும் லாரிக்காரர்கள் கணக்குப் போட்டது இதனால்தான். அந்த வரம்புக்குள் வண்டியின் சொந்த எடை ஒரு கிலோ குறைந்தால் சரக்கு ஒரு கிலோ கூடும். அது நேராக வாடகை. ஆகவே பாடி கட்டும் பட்டறையில் எந்தத் தகடு, எத்தனை மில்லிமீட்டர், எத்தனை குறுக்குச் சட்டம் என்று பேரம் நடக்கும். அங்கே எடை என்றால் பணம்.

ரயில்வேயும் இதே கணக்கைப் போட்டது. 2022 அக்டோபரில் புவனேஸ்வரில் அலுமினிய வேகன்களால் ஆன முதல் இந்தியச் சரக்கு ரயில் தொடங்கிவைக்கப்பட்டது. மொத்தம் 61 வேகன்கள். பழைய எஃகு வேகன்களைவிட முழு வண்டித் தொடரும் 180 டன் இலகு. வேகனுக்குச் சுமார் 3 டன். செய்யும் செலவு 35 சதவீதம் கூடுதல் என்று ரயில்வேயே ஒப்புக்கொண்டது. ஆனால் நிலக்கரியின் ஈரமும் கந்தகமும் அலுமினியத்தை இரும்பைப் போல அரிக்காது, ஆயுள் பத்தாண்டு கூடும், கடைசியில் காயலான் கடைக்குப் போனாலும் போட்ட காசில் பெரும்பகுதி திரும்பும் என்பது கணக்கு. வாங்குகிறவரும் இழுக்கிறவரும் ஒருவரே. அதனால்தான் கூடுதல் விலை கொடுக்க மனம் வந்தது.

தள்ளுவண்டியில் அந்த இருவரும் வேறு வேறு ஆட்கள். சொந்த வண்டி இல்லாத வியாபாரிகள் நாள் வாடகைக்கு எடுக்கிறார்கள். வாடகைக்கு விடுபவர் அதைத் தள்ளப்போவதில்லை. அவருக்கு வேண்டியது மலிவு. குப்பை அள்ளும் கைவண்டியை வாங்குவது மாநகராட்சி அலுவலகம், தள்ளுவது துப்புரவுத் தொழிலாளி. டெண்டரில் மிகக் குறைந்த விலை சொன்னவருக்கே ஆர்டர். வண்டியின் சொந்த எடை இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்ற வரி அதில் இருந்தால் முதலில் கண்ணை விரிப்பவர் அந்த வண்டியைச் செய்யும் பட்டறைக்காரராகத்தான் இருப்பார். காலி வண்டியின் கனத்தைத் தோள் சுமக்கிறது. தோளுக்கு எந்த லெட்ஜரிலும் பத்தி கிடையாது.

சின்னக் கணக்கு ஒன்று. ரிச்சர்ட்ஸ் டவுன் இருக்கும் கன்டோன்மென்ட் பக்கத்துத் தெருக்கள் மேடும் பள்ளமுமானவை. நூறடிக்கு ஐந்தடி ஏறும் தெருவில் வண்டியும் சரக்கும் சேர்ந்து 200 கிலோ என்றால், ஏற்றத்தைச் சமாளிக்க மட்டும் பத்து கிலோ அளவுக்கு இடைவிடாமல் தள்ளவேண்டும். சக்கரத்தின் உராய்வு தனி. வண்டியில் நாற்பது கிலோ குறைந்தால் தள்ளுவதில் இரண்டு கிலோ குறையும். இவ்வளவுதானா என்று தோன்றலாம். ஒரு நாளைக்கு எத்தனை தெரு, எத்தனை வேகத்தடை, எத்தனை முறை நிறுத்தி மறுபடி நகர்த்துவது என்று தள்ளுபவரைக் கேட்டால் அந்த இரண்டு கிலோவின் மதிப்பு தெரியும்.

இத்தனையும் பெங்களூருக்குப் புதிய விஷயமல்ல என்பதுதான் வேடிக்கை. பெங்களூரு ஐ.ஐ.எம்.மின் முதல் இயக்குநர் என். எஸ். ராமசுவாமி. மேலாண்மைப் படிப்பு சொல்லிக்கொடுக்கும் நிறுவனத்தின் தலைவர் 1970களில் எடுத்துக்கொண்ட விஷயம் மாட்டு வண்டி. அன்று நாட்டில் ஒன்றரைக் கோடி வண்டிகள் இருந்ததாகச் சொல்வார்கள். இரும்புப் பட்டை அடித்த மரச்சக்கரம் சாலையைக் கீறுகிறது, நுகத்தடி மாட்டின் கழுத்தைப் புண்ணாக்குகிறது, வண்டியின் கனமே மாட்டின் உழைப்பில் பெரும் பங்கைத் தின்றுவிடுகிறது என்று அவர் ஊர் ஊராகச் சொன்னார். பேரிங் வைத்த சக்கரம், ரப்பர் டயர், இலகுவான சட்டம், கழுத்தை அறுக்காத நுகம் என்று மாதிரிகள் செய்யவைத்தார். இதற்கென்றே கார்ட்மேன் என்ற அமைப்பையும் பெங்களூரில் நடத்தினார். நிர்வாகவியல் வட்டாரத்தில் இதை ஒரு பேராசிரியரின் விசித்திரம் என்று சிரித்தவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் அவர் கேட்டது சுத்தமான நிர்வாகக் கேள்வி: நாட்டின் மிகப் பெரிய போக்குவரத்து முதலீட்டை ஏன் யாரும் வடிவமைக்கவில்லை?

தமிழ்நாட்டுக் கிராமங்களில் "டயர் வண்டி" வந்த கதையும் இதோடு சேர்ந்ததே. கட்டை வண்டி போய் டயர் வண்டி வந்தபோது அதே மாடு கூடுதல் சுமையை இழுத்தது. ராமசுவாமியின் கேள்வியை மாட்டிலிருந்து மனிதனுக்கு நகர்த்தியிருக்க வேண்டியது நகரங்களின் வேலை. நகரங்கள் அதைச் செய்யவில்லை. மாட்டுக்காவது பிராணி வதைத் தடுப்புச் சட்டம் உண்டு. எந்த வண்டியில் எவ்வளவு சுமை என்று அதற்குக் கீழ் விதிகளும் உண்டு.

இலகுவாகச் செய்யத் தெரியாத ஊர் அல்ல பெங்களூரு. 2001ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். ஜனவரி 4ஆம் தேதி பெங்களூரில் இலகு ரகப் போர் விமானம் முதன்முறையாகப் பறந்தது. பின்னால் தேஜஸ் என்று பெயர் பெற்ற அந்த விமானத்தின் கட்டமைப்பில், எடைக் கணக்கில் 45 சதவீதம் கார்பன் இழை போன்ற கூட்டுப் பொருள். அதே ஆண்டு இதே ஊரில் ரேவா மின்சாரக் கார் விற்பனைக்கு வந்தது. அதன் வெளிப்புறம் துருவே பிடிக்காத ஏ.பி.எஸ். பிளாஸ்டிக். பேட்டரியின் கனத்தை ஈடுகட்ட உடம்பை இலகுவாக்கியாக வேண்டும் என்று கார் செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. விமானம் கட்டும் எச்.ஏ.எல். தொழிற்சாலையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கும் ரிச்சர்ட்ஸ் டவுன் தெருவில் அன்று போன தள்ளுவண்டியும் இன்று போகும் தள்ளுவண்டியும் ஒன்றேதான். சில இடங்களில் உண்மையிலேயே அதே வண்டியாகக்கூட இருக்கலாம்.

அலுமினியம் என்றதும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைப்பதும் தவறு. ஒரே அளவில் வெட்டினால் இரும்பு மூன்று கிலோ, அலுமினியம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல். ஆனால் விறைப்பிலும் அது மூன்றில் ஒரு பங்குதான். அதே பளுவைத் தாங்க வேண்டுமானால் சட்டத்தைத் தடிமனாக, உயரமாகச் செய்தாக வேண்டும். மூன்றில் ஒரு பங்கு எடை என்பது விளம்பரப் பேச்சு. நல்ல வடிவமைப்பில் ஏறக்குறைய பாதி என்று வைத்துக்கொள்ளலாம். "துருப்பிடிக்காது" என்பதும் பாதி உண்மை. அலுமினியத்தில் சாதாரண இரும்பு போல்ட்டை முடுக்கி, அந்த இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால், போல்ட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். சிமென்ட் மூட்டை ஏற்றினாலும் அதன் காரம் அலுமினியத்தைத் தாக்கும். கீரைக்கும் பழத்துக்கும் ஏற்றது கட்டட வேலைக்கு ஆகாது.

அடுத்து ஜி.ஐ. எனப்படும் நாகப் பூச்சு. இதில் நம் ஊர்ப் பட்டறைகள் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஜி.ஐ. பைப்பை வாங்கி வந்து வெல்டிங் வைக்கிறார்கள். வெல்டிங் சூட்டில் நாகம் எரிந்து வெள்ளைப் புகையாகப் போய்விடுகிறது. அந்தப் புகை வெல்டருக்குக் காய்ச்சல் தரும். வண்டிக்கு மூட்டுக்கு மூட்டு துருவைத் தரும். மேலே ஒரு கோட் சில்வர் பெயின்ட் அடித்தால் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். சட்டத்தை முழுதாக வெல்டிங் செய்து முடித்தபின், சுமார் 450 டிகிரியில் உருகிய நாகத் தொட்டியில் முக்கி எடுப்பதே சரியான முறை. தெருவிளக்குக் கம்பங்களையும் நெடுஞ்சாலைத் தடுப்புகளையும் அப்படித்தான் செய்கிறார்கள். எடை குறையாது, ஆனால் ஆயுள் கூடும். விலையும் அலுமினியத்தைவிட மலிவு.

காசு குறைவாக இருந்தால் முதல் செலவு சக்கரத்துக்குப் போகவேண்டும். சமதளத்தில் தள்ளுபவரின் உழைப்பைத் தின்பது பெரும்பாலும் தேய்ந்த பேரிங்கும் வளைந்த அச்சும்தான். இரண்டாவது, தண்ணீர் தேங்கும் தளம். அதை மட்டும் அலுமினியத்திலோ கண்ணாடி இழையிலோ செய்து, ஒரு பக்கம் சற்றே சாய்த்து, வடிவதற்கு ஒரு துளை விட்டாலே மூலைத்துரு பாதியாகிவிடும். சட்டத்தை மாற்றுவது மூன்றாவதாக வரட்டும். இந்த வரிசை தலைகீழானால், பளபளக்கும் புது வண்டி திறப்பு விழாவில் புகைப்படத்துக்கு நிற்கும், ஆறாம் மாதம் மரத்தடியில் நிற்கும்.

துருவின் இன்னொரு முகம் குப்பை வண்டி. டாடா ஏஸ் 2005இல் வந்தது; தமிழில் அதற்குக் குட்டியானை என்று பெயர். இந்திய நகரங்களில் வீட்டுக்கு வீடு குப்பை எடுக்கும் வேலையில் பெரும்பங்கு இந்த வகை வண்டிகளுடையது. ஈரக்குப்பை அழுகினால் புளிக்கிறது. புளிப்பு நீரில் சமையல் உப்பும் கலந்திருக்கும். அமிலமும் உப்பும் ஒன்றாகச் சேர்ந்து இரும்புத் தகட்டின் மீது நாள் முழுக்கக் கிடந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. பிறகு தெருவில் பழுப்புக் கோடு. ஸ்கூட்டரில் பின்னால் வருபவர் மூக்கைப் பொத்திக்கொண்டு முந்தப் பார்ப்பார். 2012லிருந்து குப்பையைப் பிரித்துப் போடு, பிரித்துப் போடு என்று பெங்களூரு மக்களுக்குப் பாடம் நடக்கிறது. பிரித்துக் கொடுத்த ஈரக்குப்பை முன்பைவிட ஈரமானது. அதைச் சுமக்கும் தொட்டியும் அதற்கேற்ப மாறியிருக்க வேண்டும். பால் டேங்கருக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வேண்டும் என்று யாரும் போராட்டம் நடத்தவில்லை. பால் கெட்டால் நஷ்டம் என்பதால் அது தானாக வந்தது. பால் சொசைட்டிகளில் 40 லிட்டர் அலுமினியக் கேன் வந்ததும் அப்படித்தான்.

அரசால் இவ்வளவு நுணுக்கமாக யோசிக்க முடியுமா என்று கேட்கலாம். முடியும். 2020இல் மோட்டார் சைக்கிளில் சரக்குப் பெட்டி பொருத்துவது பற்றி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் விதி எழுதியது. பெட்டி இலகுவானதாக இருக்கவேண்டும். நீளம் 550 மில்லிமீட்டர், அகலம் 510, உயரம் 500 தாண்டக்கூடாது. பின் சீட்டில் பெட்டி வைத்தால் ஓட்டுநரைத் தவிர வேறு ஆள் கூடாது. பிரியாணி கொண்டுபோகும் பெட்டிக்கு மில்லிமீட்டர் அளவில் விதி எழுதிய கை, அந்தப் பிரியாணிக்கு வெங்காயம் கொண்டுவந்த வண்டியைப் பற்றி ஒரு வரி எழுதலாம்.

தள்ளுவண்டிக்கு அடுத்த படியான சின்ன டிரெய்லர் என்ற எண்ணமும் இங்கே வளரவில்லை. ஐரோப்பாவில் சாதாரண கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் மொத்தம் 750 கிலோ வரையிலான டிரெய்லரைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு போகலாம். மரச்சாமானோ தோட்டக் கழிவோ ஏற்ற அங்கே அலுமினியத்திலும் ஜி.ஐ.யிலும் செய்த டிரெய்லர்கள் சகஜம். யாழ்ப்பாணத்தில் லாண்ட்மாஸ்டர் என்ற இருசக்கர டிராக்டர் பெட்டியை இழுத்துக்கொண்டு வயலுக்கும் சந்தைக்கும் போகும். உழாத நாளிலும் அதற்கு வேலை உண்டு. நம்மிடம் டிரெய்லர் என்றால் டிராக்டர் டிரெய்லர், இல்லையென்றால் கன்டெய்னர் லாரி; இடையில் வெற்றிடம். அந்த வெற்றிடத்தைச் சென்னை தன் பாணியில் நிரப்பியது. மீன் ஏற்றப் பிறந்த மீன்பாடி வண்டியில் பழைய மோட்டார் சைக்கிள் இன்ஜினை மாட்டி ஓட்டினார்கள். போலீஸ் பிடிப்பதும் அவர்கள் மறுபடி ஓட்டுவதும் வருடக்கணக்காக நடந்த கூத்து. பிரேக் சரியில்லை என்று போலீஸ் சொன்னது நியாயம். சட்டப்படி வாங்கக்கூடிய இலகு வண்டி ஒன்று கையில் இருந்திருந்தால் அந்த இன்ஜினை மாட்டும் தேவை குறைந்திருக்கும் என்பதும் நியாயம்தான்.

இனி ஆட்சேபங்கள். முதலாவது திருட்டு. காயலான் கடையில் அலுமினியத்துக்கு இரும்பைப்போலப் பல மடங்கு விலை. இரவில் தெருவில் நிற்கும் வண்டி காலையில் இருக்குமா? உண்மையான பயம்தான். சட்டம் முழுவதும் அலுமினியம் வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டாவது ரிப்பேர். இது இன்னும் பெரியது. இரும்பு வண்டி உடைந்தால் முனை வெல்டிங் கடையில் பத்து நிமிடத்தில் வேலை முடியும். அலுமினியத்துக்கு ஆர்கன் வாயு வைத்த வேறு மெஷின், வேறு கை வேண்டும். அதனால் வெல்டிங்கை நம்பாமல் ரிவெட்டும் துருப்பிடிக்காத போல்ட்டும் போட்டுப் பூட்டிய வண்டியாக அது இருக்கவேண்டும்; உடைந்த பாகத்தைக் கழற்றி மாற்றலாம். ரிவெட் அடிப்பது இந்த ஊருக்குத் தெரியாத வேலையா? 1940களிலிருந்து விமானம் கட்டும் ஊர் இது.

மூன்றாவது, பணம். தெரு வியாபாரிகளுக்கான பி.எம். ஸ்வநிதி திட்டம் 2020 ஜூனில் தொடங்கியபோது முதல் கடன் 10,000 ரூபாய். சரக்கு வாங்க அது உதவும். நல்ல வண்டிக்குப் போதாது. சரக்கையும் வண்டியையும் ஒரே கடனில் அடக்குவது சரியும் அல்ல. ஆட்டோவுக்கு வாகனக் கடன் கொடுக்கும் வங்கி தள்ளுவண்டிக்குக் கொடுக்காததற்குக் காரணம், அதற்கு நம்பரும் இல்லை, தரமும் இல்லை, மறுவிற்பனை மதிப்பும் இல்லை. இந்த மூன்றையும் தரக்கூடியது 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி அடையாள அட்டை கொடுக்கும் உள்ளாட்சி அமைப்புதான். பெங்களூரில் 2025 செப்டம்பரில் ஒரு மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. ஐந்துக்கும் புதிதாகக் கொள்முதல் விதிகள் எழுத வேண்டிய காலம் இது. குப்பைக் கைவண்டிக்கான டெண்டரில் மூன்று வரி சேர்த்தால் போதும்: காலி எடைக்கு உச்சவரம்பு, துருவுக்கு ஐந்தாண்டு உத்தரவாதம், விலையை வாங்கும் நாளின் விலையாகப் பார்க்காமல் ஐந்தாண்டுச் செலவாகப் பார்ப்பது. அரசு ஆயிரக்கணக்கில் வாங்கினால் பட்டறைகள் செய்யப் பழகும். பட்டறைகள் பழகினால் கீரைக்காரருக்கும் கிடைக்கும்.

ரிச்சர்ட்ஸ் டவுனை ஒட்டிய பாட்டரி டவுனில் பல தலைமுறைக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து வந்த குயவர் குடும்பங்கள் இன்னும் மண் பிசைகின்றன. விநாயகர் சதுர்த்தி நெருங்கும்போது ஈரமண் சிலைகள் தள்ளுவண்டியில் ஏறும். வண்டியின் ஆட்டத்தில் விரிசல் விழாமலிருக்க வைக்கோல் அண்டை கொடுத்து, இருவர் பக்கத்தில் பிடித்துக்கொண்டே நடப்பார்கள். பிள்ளையாரின் கனம் பற்றி அவர்களுக்குப் புகார் இல்லை.

மாலை ஆறரைக்குக் கீரை தீர்ந்துவிடும். வாடிய நான்கு கட்டை முனையில் நிற்கும் மாட்டுக்குப் போட்டுவிட்டு, இரவு வண்டியை நிறுத்தும் மரத்தடிக்குக் கீரைக்காரர் வருகிறார். நடைபாதை ஓரக்கல் முக்கால் அடி உயரம். அதன்மேல் காலி வண்டியை ஏற்ற ஒரு ஆளால் முடியாது. எதிர் அபார்ட்மென்ட் வாட்ச்மேனைப் பார்த்துக் கையசைக்கிறார். வாட்ச்மேன் பீடியைக் காதில் செருகிக்கொண்டு வருகிறார். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, மூச்சைக் கட்டி, "ஒந்து, எரடு" என்று கன்னடத்தில் எண்ணித் தூக்குகிறார்கள். சங்கிலியைப் போட்டுப் பூட்டும்போது உள்ளங்கையில் செம்மண் நிறத்தில் ஒட்டியிருக்கும் துருவை லுங்கியில் துடைத்துக்கொள்கிறார்.